தலை நத்தார்

காசை வாங்குவதற்கு முன்பு வீரமுத்து தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் ஒரு பால்மாவு டின் தொங்குகிறது. அதில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர். கையை அதில் முக்கி, தோள் துண்டில் துடைத்து, மறுபடி முகர்ந்து, அதற்குப் பிறகுதான் நோட்டைத் தொடுவார். மீனைத் தொடுவதற்கு இந்த யோசனை எதுவும் கிடையாது. மீன் அல்லாத எதைத் தொடுவதானாலும் இந்தச் சடங்கு உண்டு: கைபேசி, யார் வீட்டுக் குழந்தையின் தலையாவது, உசைர் கடைத் தேநீர்க் கிளாஸ்.

அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. நெற்றி நிறையத் திருநீறு. கொளுத்தும் வெயிலிலும் மஞ்சள் மழைக்கோட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார். செதில் தெறிக்காமல் இருக்கவாம். பின்னிருக்கையில் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிய வெள்ளை ஐஸ் பெட்டி. விடியற்காலையில் பகாவ் பாசாரில், அதாவது சந்தையில், மீன் எடுத்து, செம்பனைக் காட்டுக்குள் புகுந்து, தோட்டம் தோட்டமாகச் சுற்றி, வெயில் ஏறும் நேரத்தில் நான் வேலை செய்யும் எண்ணெய் ஆலையின் குடியிருப்புக்கு வருவார். அவர் வருவது ஹாரன் சத்தத்துக்கு முன்பே பூனைகளுக்குத் தெரிந்துவிடும்.

எந்த வீட்டுக் கேட்டுக்குள்ளும் அவர் வந்ததில்லை. மழை பெய்யும்போது உள்ளே வந்து நில்லுங்கள் என்று நான் கூப்பிட்டால், "கேட்டுக்கு இந்தப் பக்கம் யாவாரம், அந்தப் பக்கம் வீடு சார். ரெண்டையும் கலக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே கெம்போங் மீனின் வயிற்றைக் கீறுவார்.

கேட்ட மீனையும் கொடுக்கமாட்டார். "கொழம்புக்கா, பொரிக்கவா?" என்று முதலில் விசாரணை. நான் தடுமாறினால், "சமைக்கத் தெரியாதவங்களுக்குப் பாறை மீனுதான் சரி. எப்படிக் கெடுத்தாலும் மீன் மாதிரியே இருக்கும்" என்று அவரே முடிவெடுத்துவிடுவார். வங்காளதேசத் தொழிலாளிகளிடம் மலாயில் சண்டை, மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் வீட்டம்மாவிடம் தமிழில் கிண்டல், மோட்டாரிடம் கெஞ்சல். கிளம்ப மறுக்கும் மோட்டாரை அவர் "மச்சான்" என்று அழைக்கிறார்.

அவரைப் பற்றி எழுதலாமா என்று எனக்குப் பல நாள் தயக்கம் இருந்தது. பிற நாட்டில் வேலை அனுமதியோடு வாழ்கிறவனுக்கு எதைச் செய்வதற்கு முன்பும் யாரிடமாவது கேட்க வேண்டும் போலவே இருக்கும். கடைசியில் அவரிடமே கேட்டேன். "எழுதுங்கலா சார். மீன் வெலய மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.

முதன்முதலாக அவர் பேச்சில் அந்தச் சொல் விழுந்தபோது நான் கையிலிருந்த சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வாவல் மீன் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். "இப்ப கடல் சரியில்ல சார். நத்தாருக்கு முன்னாடி ஒரு தடவ கெடைக்கும், பாருங்க" என்றார்.

நத்தார். மன்னாரில் என் அம்மா சொல்லும் சொல். டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். இந்த நாட்டில் நான் பார்த்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோரும் கிறிஸ்மஸ் என்றுதான் சொல்கிறார்கள். நானும் வந்த கொஞ்ச நாளிலேயே அப்படி மாறிவிட்டேன், கேட்பவர்கள் மறுபடி ‘என்ன’ என்று கேட்கக் கூடாதே என்ற பயத்தில். பட்டையாகத் திருநீறு பூசிய ஒரு மீன்காரரின் வாயிலிருந்து அது வந்தபோது, தொலைந்துபோன சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்குவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவருக்கு ஆண்டு என்பதே நத்தாரில் தொடங்கி நத்தாரில் முடிகிறது. மோட்டார் வாங்கியது போன நத்தாருக்கு முந்தின நத்தார். மழை நத்தார் வரைக்கும் பெய்யும். கடன் சொல்கிறவர்களுக்கு மட்டும், "நத்தார் வரைக்கும்லா இழுக்காதீங்க" என்பார். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன மாதம் என்றே தெரியாது. ஆனாலும் மீன் வாங்குகிறார்கள்.

சொல் வந்த வழியை அவரே சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் செல்லத்துரை என்று மருந்து கட்டும் ஒரு டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரைக் கண்டால் ஊசிக்குப் பயந்து ஓடுவார்கள். ஆனால் ஆண்டில் ஒருநாள் அந்த வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டில் கேக்கும் அரியதரப் பலகாரமும் வைத்துத் துணி மூடிக் கொடுத்தனுப்புவார். அன்றைக்கு நத்தார். "வெசாக்குன்னா லீவு, தைப்பூசம்னா காவடி, நத்தார்னா கேக்கு. எனக்கு அவ்ளோதான் சார் தெரியும்." தட்டை யாரும் வெறும் தட்டாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையோ வாழைப்பழமோ அவர் அம்மா வைத்தனுப்புவார். "எங்கம்மாகிட்ட ஒரு தடவ ஒண்ணுமே இல்ல. செம்பருத்திப்பூ ரெண்டு வெச்சுக் குடுத்தாங்க. டிரஸ்ஸரம்மா அத ஏசு படத்துக்கு வெச்சுட்டாங்க. எங்கம்மா அடிச்ச தம்பட்டம் இருக்கே, கோயில் கும்பத்துக்கே பூ குடுத்த மாதிரி."

சொல்லின் பொருள் என்ன என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "ஏசுநாதர். நாதர் பொறந்த நாளு. நாதரு நாதருன்னு சொல்லி நத்தாரு ஆயிடுச்சு."

இது உசைர் கடையில் நடந்த விவாதம். உசைர் பகாவ் பாசாரின் ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவர். வீரமுத்து கடைக்குள் நுழைந்தாலே, "நத்தாரு வந்துட்டாரு, ஒரு தே தாரிக்" என்று குரல் கொடுப்பார்.

"யாருண்ணே அது நத்தாரு? உங்க மாமனாரா?"

"வாய மூடிக்கிட்டு டீய ஆத்து. சார்கிட்ட கேளு. சார் டிரஸ்ஸர் ஊருக்காரரு."

நான் யாழ்ப்பாணம் இல்லை, மன்னார் என்று திருத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். தெரிந்ததைச் சொன்னேன். போர்த்துக்கீசர் மொழியில் நத்தால் என்றால் பிறப்பு. கிறிஸ்து பிறப்புக்கு அவர்கள் வைத்த பெயரும் அதுதான். அவர்கள் எங்கள் கரையை ஆண்ட காலத்தில் கோயில்களோடு அந்தச் சொல்லும் இறங்கியது. அவர்கள் போனார்கள், சொல் தங்கிவிட்டது, எங்கள் வாயில் நத்தார் ஆனது.

வீரமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. "போர்த்துக்கீஸ்காரன் மலாக்காவுலதானே சார் இருக்கான்? சிஞ்சாலோக் வாங்க நானே போயிருக்கேனே." உப்பில் ஊறிய அந்தப் பொடி இறால் ஊறுகாயை அவர் ஆண்டுக்கு ஒருமுறை மலாக்காக் கடலோரக் குடியிருப்பில் வாங்கி வந்து விற்பார். சட்டென்று ஏதோ நினைவு வந்து மேசையைத் தட்டினார். "அட, அங்க ஒரு பொம்பள நத்தால் நத்தால்னு சொல்லிச்சு சார்! நாங்கூட நெனச்சேன், இதுக்கு எப்படித் தெரியும்னு."

"அதுதான் நான் சொல்வது" என்றேன்.

"அதுக்கும் எங்க டிரஸ்ஸர்தான் சொல்லிக் குடுத்திருப்பாரு. அந்தக் காலத்துல அவரு மலாக்காவுக்கு மாத்தலாகிப் போனாரு."

உசைர் சிரித்ததில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி கீழே போய்விட்டது. நான் அதற்கு மேல் வாதாடவில்லை. அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். கப்பலில் வந்தவன் கரையில் விட்ட சொல். கரையிலிருந்த கிறிஸ்தவன் மருந்துப் பெட்டியோடு இன்னொரு நாட்டுக்கு எடுத்துவந்த சொல். பண்டிகையைச் சொந்தமாக வைத்திருப்பவர்களிடம் அது இங்கே தங்கவில்லை. பண்டிகையே இல்லாத ஒருவரிடம், ஒரு துண்டு கேக்கின் நினைவோடு ஒட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அவர் மனத்தில் வேறொன்று விழுந்திருக்கிறது. மறுநாள் கேட்டுக்கு வெளியே செதில் சீவிக்கொண்டே கேட்டார்.

"சார், நெசமாவே அதுக்கு அர்த்தம் பொறப்புதானா?"

"ஆமாம்."

"அவ்வளவுதானா?" கொஞ்சம் ஏமாற்றம். இன்னொரு மீனை எடுத்துச் சீவினார். "பொறப்புன்னா நல்லதுதான். புள்ள பொறந்த வீட்டுக்கு யாரு வேணாலும் போவலாம். நீ யாரு, என்னா சாமின்னு எவனும் கேக்க மாட்டான்."

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு ஒரே மகள், ரோகினி. சிரம்பானில் ஒரு கிளினிக்கில் தாதி. நீலாய்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெனடிக்கை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, ஜூன் மாதம் சிரம்பானில் அவர்கள் சர்ச்சிலேயே கல்யாணம். வீரமுத்து மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது வேட்டி கட்டி, மோட்டாரில் தனியாகப் போனார். போனவர் சர்ச் கேட்டோடு நின்றுவிட்டார். வெளியே ஓர் அங்சானா மரம். அதன் நிழலில் மோட்டாரைச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை நின்றார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடந்தாள். முடிந்து மணி அடித்ததும் அவர் மோட்டாரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாமி வேறாகிவிட்ட கோபம் என்றார்கள் எல்லோரும். அவரிடம் கேட்டால், மீன் தலை ஒரே வெட்டில் விழும். அதற்குப் பிறகு ரோகினி அம்மாவின் கைபேசிக்குத்தான் அழைப்பாள். ‘அப்பா இருக்காரு, குடுக்கவா’ என்று அம்மா திலகா கேட்டால், ‘அப்புறம்’ என்பாளாம்.

பிறகு தீபாவளி வந்தது. தலைத் தீபாவளி. பெண்ணைப் பெற்றவர் தாம்பாளத்தோடு நேரில் போய் அழைத்தால்தான் மாப்பிள்ளை வருவது முறை. திலகா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "வேதக்காரவங்கள தீபாவளிக்கு அழச்சா தப்பா எடுத்துக்குவாங்க" என்று இவர் போகவில்லை. தீபாவளியன்று காலையில் அண்டைவீட்டுக்காரர்கள் வந்தார்கள், ஆலை மேலாளர் வந்தார், நானும் போனேன். யார் கார் சத்தம் கேட்டாலும் வீரமுத்து எழுந்து எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை தொடங்கி திலகா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டில் சோறு வந்தது, சத்தம் வரவில்லை.

இப்போது வீரமுத்து செதிலை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல தலை நத்தார் உண்டா சார்?"

உண்டு என்றால் போய் அவமானப்பட்டு வருவார்; இல்லை என்றால் போகவேமாட்டார். பொய் சொல்லவும் வரவில்லை. "நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

"இல்லன்னா என்னா? நாம ஆரம்பிச்சு வெப்போம்லா."

நத்தாருக்கு முந்தின ஞாயிறு, என் காரில் புறப்பட்டோம். தாம்பாளத்தோடு மோட்டாரில் உட்கார முடியாது என்று திலகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவரிடம் இல்லை, என்னிடம். புக்கிட் புத்துஸ் மலைச்சாலை முழுக்கப் பின்னிருக்கையில் தாம்பாளத்தை மடியில் வைத்திருந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. பின்பெட்டியில் ஐஸுக்குள் இரண்டு பெரிய வாவல். கடல் சரியாகியிருந்தது.

அம்பாங்கானில் ஒரு தொடர்வீடு. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. திலகாவும் நானும் உள்ளே போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் வீரமுத்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா எட்டிப் பார்த்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். "என்னா சம்பந்தி, கேட்டுலயே நிக்கிறீங்க? மீன் விக்கவா வந்தீங்க?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வீரமுத்துவின் கை மூக்கருகே போய் இறங்கியதை நான் பார்த்தேன். கேட்டைத் தாண்டி, கார் நிறுத்தும் முகப்புவரை வந்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கூடத்துக்குள் வரவில்லை. எல்லோரும் அவருக்காக முகப்புக்கே நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"தலை நத்தாருக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க வந்தோம்" என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

"தலை என்னாது?"

"நத்தாரு."

பிலோமினா மகனைப் பார்த்தார். பெனடிக் தலையைச் சொறிந்தான். "கோயில் திருவிழாவா மாமா?"

"கிறிஸ்மஸ்." சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. ரோகினி ஈரக் கையோடு நின்றாள். "எங்க வீட்ல நத்தார்னுதான் சொல்லுவோம்."

ஜூன் மாதத்துக்குப் பிறகு வீரமுத்துவின் காதில் விழுந்த மகளின் முதல் பேச்சு அது. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை என்றாலும்.

"ஆண்டவரே! எங்க பண்டிகைக்கு எங்களுக்கே தெரியாத பேரா?" பிலோமினா குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "தீபாவளிக்கு அழைப்பீங்க அழைப்பீங்கன்னு பாத்தோம் சம்பந்தி. இவன் லீவு கூடப் போட்டுட்டான். ஜிப்பா வாங்கி அப்படியே பீரோவுல இருக்கு" என்றார்.

திலகா கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்திக்காமல் வீரமுத்து தரையையே பார்த்தார்.

"ஆனா கிறிஸ்மஸுக்கு எப்படி அனுப்புறது? பூசைக்கு இவ பாடுறா. வீட்ல ஓப்பன் ஹவுஸ் வேற, நூறு பேரு வருவாங்க. நீங்களே சொல்லுங்க" என்றார் பிலோமினா.

"சரிதான்லா. அது உங்க வீட்டு நாளு" என்றார் வீரமுத்து. எழுந்தார். கை தாம்பாளத்தின் பக்கம் போய் நின்றுவிட்டது. அழைப்பு ஏற்கப்படவில்லை, அதனால் தாம்பாளத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. பழமும் வெற்றிலையும் வைத்துக் கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குறுமேசை மேல் அந்தத் தாம்பாளம் இருந்தது. நாங்கள் அதைச் சுற்றி நின்றோம்.

ரோகினி வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"தட்டு?" என்றார் திலகா.

"வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாதுல்லம்மா. நத்தாரன்னைக்குக் காலையில பூச. அங்க வந்து வாங்கிக்கச் சொல்லு." திரும்பிச் சமையலறைக்கு நடந்தாள். "உள்ள வந்து."

திரும்பும் வழியில் மலை ஏறினோம். பாதி மலையில் வீரமுத்து, "எவர்சில்வர்தானே. பாசார்ல வேற வாங்கிக்கலாம்" என்றார்.

"வாங்குவீங்க, வாங்குவீங்க" என்றார் திலகா. தீபாவளிக்குப் பிறகு அவர் கணவரிடம் பேசிய முதல் பேச்சு. "எங்கப்பா பேரு வெட்டின தட்டு அது. எந்தப் பாசார்ல விக்கிறான்னு எனக்கும் சொல்லுங்க."

அடுத்த சில நாட்கள், மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "அம்பாங்கான்ல ஒரு தட்டு கெடக்கு, போயி வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார். உசைர், "தட்டு வாங்கவா அண்ணே புதுச் சட்டை தச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது மட்டும் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மோட்டாரை உதைத்தார்.

பண்டிகைக்கு முந்தைய நாட்களில் மீன் வியாபாரம் சூடாக இருக்கும். ஆனால் கடைசி இரண்டு நாட்கள் அவர் வரவில்லை. ஆலை வாசலில் வங்காளதேசத் தொழிலாளிகள் காத்திருந்துவிட்டுக் கோழி வாங்கப் போனார்கள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் அவர் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஐஸ் பெட்டி சோப்புப் போட்டுத் தேய்க்கப்பட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பூனை, நம்ப முடியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

நத்தாரன்று காலையில் அவர்களை அழைத்துப்போகப் போனேன். வீரமுத்து வீட்டுக்கு வெளியே குழாயடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகள், புளி, ஒரு கிண்ணத்தில் காப்பித்தூள். விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிறார், கழுவுகிறார், முகர்கிறார், மறுபடி தேய்க்கிறார்.

திலகா கதவைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் சார். வீட்ல உக்கார முடியாம காலையில ஒரு ரவுண்டு மீன் விக்கப் போயிட்டாரு. அப்புறம் வந்து குளிச்சு, தேச்சு, புது வேட்டி கட்டி, கேட்டு வரைக்கும் வந்து மோந்து பாத்திருக்காரு. மீன் வாட போவல, அவ்வளவுதான். சாமி வேறன்னுதான் நிக்கிறாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. இவரும் அதுவே மரியாதையா இருக்குன்னு விட்டுட்டாரு."

"ரோகினிக்குத் தெரியுமா?"

"அவ பள்ளிக்கூடத்துல படிச்சப்ப ஒருநாள் சொன்னா, ‘அப்பா, நீங்க கேட்டுக்கிட்ட வராதீங்க, பிள்ளைங்க மூக்கப் புடிக்கிறாங்க’ன்னு. சின்னப் புள்ள. அவ அன்னைக்கே மறந்துட்டா. இவரு அதுக்கப்புறம் எந்தக் கேட்டுக்குள்ளயும் போவல." குழாயை மூடச் சொல்லிக் கணவருக்குச் சைகை காட்டினார். "நேத்து போன்ல அவகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். சொல்லாதன்னுதான் சொன்னாரு. சொல்லிட்டேன்."

சர்ச் கேட்டருகே காரை நிறுத்தினேன். திலகா இறங்கித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். வீரமுத்து அங்சானா மரத்தடியில் நின்றார். குடும்பம் குடும்பமாக ஆட்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. ‘வாருங்கள்’ என்று சொல்லலாமா, சொன்னால் திரும்பிவிடுவாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

"சார், செருப்ப எங்க விடுறது?"

"இங்கே போட்டுக்கொண்டே போகலாம்."

"அது எப்படிலா." மரத்தடியிலேயே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பிறகு கார் நிறுத்துமிடத்தின் சரளைக் கற்களில் வெறுங்காலோடு, கொதிக்கும் மணலில் நடப்பவரைப் போலத் தாவித் தாவிக் கேட்டைக் கடந்தார்.

கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்தோம். புதுச் சட்டை, அதே திருநீறு. எல்லோரும் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார், முழங்காலிட்டபோது மட்டும் என்னைப் பார்த்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியே வைத்திருந்தார். முன்னே பாடகர் குழுவில் ரோகினி, நீலச் சேலையில். பாடும்போது அவள் கண் ஒருமுறை கதவுவரை வந்து, கடைசிப் பெஞ்சில் தங்கியது. ஒரு வரியில் அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி குருவானவர் அழைத்தார். எல்லோரும் திரும்பிக் கைகொடுக்கத் தொடங்கினார்கள். முன்பெஞ்சுக்காரர் நீட்டிய கைக்கு வீரமுத்து பின்னால் கட்டிய கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் ரோகினி பாடகர் குழுவை விட்டு இறங்கி, நடுவழியில் கைகொடுக்க வந்தவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். எங்கள் பெஞ்சருகே நின்று கையை நீட்டினாள்.

வீரமுத்துவின் வலக்கை முன்னே வந்தது. வந்து, வழக்கம்போல, முதலில் மூக்கை நோக்கி எழுந்தது. அது பாதி வழியில் இருக்கும்போதே ரோகினி அதைப் பிடித்து இழுத்து, விரல்களை விரித்து, தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.